பற்றரி இல்லாமல் ரேடியோ: சைக்கிள் டைனமோவில் செய்து பார்த்த பதிவு

கடைசிச் சோதனையில் ரேடியோ 34 நிமிடம் இடைவிடாமல் பாடியது. பற்றரிப் பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. ஸ்ராண்டில் நிறுத்திய பழைய பாரச் சைக்கிள், பின்சில்லில் உரசும் 6 வோல்ற் 3 வாற்ஸ் டைனமோ, பெடலைக் கையால் சுற்ற இரண்டு பேர், அவ்வளவுதான். கூடவே மேசையில் புத்தகம் வாசிக்கப் போதுமான வெளிச்சமும் கிடைத்தது. அந்த வெளிச்சம் முதலில் திட்டத்திலேயே இருக்கவில்லை. ரேடியோ கருகாமல் இருக்க வழி தேடப்போய் வந்து சேர்ந்தது. இந்தப் பதிவின் பெரும்பகுதி அந்தத் தேடலைப் பற்றியது.

முறை புதியதல்ல. 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், உரம், சீமெந்து, ரோச் பற்றரி எல்லாம் தடைப் பொருட்களாயின. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடும் அதிக விலையோடும் வந்தது. கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைத் தட்டி எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். ஜாம் போத்தலுக்குள் சின்னத் திரி வைத்து இரவு முழுவதும் விளக்கெரித்தார்கள். செய்தி கேட்க பி.பி.சி. தமிழோசையும் வெரித்தாஸும் அகில இந்திய வானொலியும் இருந்தன. ஆனால் ரேடியோவுக்குப் பற்றரி இல்லை. வீட்டில் மிஞ்சியிருந்த மின்னாக்கி சைக்கிள் டைனமோ ஒன்றுதான். ஒருவர் பெடல் சுற்ற, சுற்றியிருந்தவர்கள் செய்தி கேட்டார்கள். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது பலருக்கும் இந்த டைனமோ ஞாபகம் திரும்பியது. ஆனால் எந்த வயர் எங்கே போனது, ஏன் சில ரேடியோ கருகியது, ஏன் சில ஆண்டுக்கணக்காக ஓடியது என்று எழுதிவைத்த குறிப்பு கையில் கிடைப்பது அரிது. ஆகவே முதலிலிருந்து செய்து, அளந்து, இங்கே எழுதப்படுகிறது.

டைனமோவைத் தெரிவு செய்தல்

பழைய சாமான் கடையில் போத்தல் வடிவ டைனமோ இன்னும் கிடைக்கும். வாங்குமுன் மூன்று சோதனை செய்ய வேண்டும். விரலால் தலையை உருட்டினால் சிறு சிறு படிகளாகத் தடுக்கித் தடுக்கிச் சுற்ற வேண்டும். அந்தத் தடுக்கல் காந்தம் உயிரோடு இருப்பதற்கு அடையாளம். வழுவழுவென்று சுற்றினால் காந்தம் வலுவிழந்துவிட்டது. இரண்டாவது, மீற்றரை ஓம் நிலையில் வைத்து வெளி முனைக்கும் உடம்புக்கும் இடையே அளக்க வேண்டும். 2 முதல் 4 ஓம் காட்டினால் சரி. ஒன்றும் காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. மூன்றாவது, அச்சைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். கடகடவென்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது, விட்டுவிடலாம்.

துப்புரவு செய்யும் ஆசையில் டைனமோவை முழுதாகக் கழற்றக் கூடாது. பழைய அல்னிக்கோ காந்தத்தை அதைச் சூழ்ந்த இரும்பிலிருந்து வெளியே இழுத்தால் காந்த பலம் குறைந்துவிடும், திரும்பப் பூட்டினாலும் பழைய வோல்ற் வராது. மேலிருந்து ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டாலே போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். சில மாதத்தில் பிசினாகி அச்சைப் பிடித்துக்கொள்ளும்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. டைனமோவின் நடு அச்சை நூல் பிடித்து நீட்டினால் அந்த நூல் சில்லின் அச்சு மையத்தைத் தொட வேண்டும். முதல் தடவை கண்பார்வைக்குப் பூட்டியதில் ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. பத்து நிமிடத்தில் ரயரின் பக்கச் சுவர் தூளாக உதிர்ந்தது, பெடலும் பாரமாக இழுத்தது. நூல் பிடித்துத் திருத்தியதும் பாரம் பாதியாகியது. தலை தேய்ந்து வழுக்கினால் பழைய ரியூப் துண்டை வளையமாக வெட்டி மாட்டலாம். ஆனால் 22 மில்லிமீற்றர் தலை 25 ஆகப் பெருத்தால், அதே வேகத்தில் டைனமோ நூற்றுக்கு 12 பங்கு குறைவாகச் சுற்றும். ஆகவே மெல்லிய ரியூப்பே நல்லது.

அளவுகள்

பெடல் பக்கம் 44 பல், பின்பக்கம் 18 பல், சில்லு 28 அங்குலம். பெடலை ஒரு தரம் சுற்றினால் சில்லு ஏறத்தாழ இரண்டரைச் சுற்று வரும். நிமிடத்துக்கு 47 சுற்று என்பது வீதியில் மணிக்கு 15 கிலோமீற்றர் ஓடுவதற்குச் சமன். டைனமோவின் முனைகளில் ஒன்றும் இணைக்காமல் ஒரு தடவையும், 12 ஓம் சுமை வைத்து ஒரு தடவையும் அளந்தபோது கிடைத்தவை இவை. (12 ஓம் என்பது 6 வோல்ற் 3 வாற்ஸ் பல்ப் எரியும்போது காட்டும் தடை.)

நிமிடத்துக்கு 30 சுற்றில் வெறும் டைனமோ 9 வோல்ற், சுமையோடு 5.1.
47 சுற்றில் வெறுமனே 14, சுமையோடு 6.0.
60 சுற்றில் வெறுமனே கிட்டத்தட்ட 18, சுமையோடு 6.4.
75 சுற்றில் வெறுமனே 22க்கு மேல், சுமையோடு 6.6.

இந்த எட்டு எண்களையும் முதலில் சரியாக வாசித்திருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும். சுமை இல்லாதபோது வேகத்தோடு வோல்ற் ஏறிக்கொண்டே போகிறது. சுமை இருந்தால் வேகம் இரண்டரை மடங்கானாலும் ஒன்றரை வோல்ற்தான் கூடுகிறது. காரணம் சுருளின் தன்மை. வேகம் கூடும்போது வோல்ற் கூடுகிறது, அதே நேரம் மின்னோட்டம் திசை மாறும் வேகமும் கூடுவதால் சுருள் தன்னைத்தானே அதிகமாகத் தடுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, டைனமோ எப்போதும் அரை அம்பியர் அளவிலேயே நிற்கிறது. அது அரை அம்பியரைத் தள்ளப் பார்க்கும். எடுத்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் வோல்ற்றை உயர்த்தும்.

டைனமோ பூட்டி இரவில் ஓடியவர்களுக்கு இது பழகிய விடயம். முன் பல்ப் எரிந்துபோன அடுத்த நொடி பின் பல்ப்பும் போய்விடும். முன்னதன் பங்குக் கறன்ற்றும் பின்னதன் தலையில் விழுவதுதான் காரணம். ரேடியோ எடுப்பது 30 முதல் 100 மில்லி அம்பியர் மட்டுமே. அதாவது டைனமோவின் கண்ணில் ரேடியோ ஒரு சுமையே அல்ல. ரேடியோவை மட்டும் தனியே இணைப்பவர்கள் அதைக் கருக்குவது இதனால்தான்.

பிழைத்த மூன்று வழிகள்

முதலாவது, குறுக்கு வழி. மின்சாரத்திலும் ஓடக்கூடிய ரேடியோ ஒன்றில் உள்ளே சிறு ட்ரான்ஸ்போமரும் நான்கு டயோட்டும் (கறன்ற்றை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) ஏற்கெனவே இருக்கின்றன. டைனமோ தருவதும் மாறு மின்னோட்டம்தானே, ட்ரான்ஸ்போமரின் சின்னப் பக்கத்தில் கொண்டுபோய் இணைத்தால் வேறு பாகமே தேவையில்லை என்பது கணக்கு. இணைத்ததும் ரேடியோ பாடியது. ஆனால் சுவரில் செருகும் பிளக் தரையில் கிடந்தது. அதன் இரு முனைகளுக்கிடையே மீற்றரை வைத்தபோது 170 வோல்ற்றுக்கு மேல் காட்டியது. ட்ரான்ஸ்போமர் இரு பக்கமும் வேலை செய்யும். 230ஐ 9 ஆக இறக்குவது, 9ஐ 230 ஆக ஏற்றவும் செய்யும். தொட்டவருக்கு நல்ல அதிர்ச்சி கிடைத்திருக்கும். இந்த வழியில் செய்பவர்கள் ட்ரான்ஸ்போமரின் சின்னப் பக்க வயர் ஒன்றை டயோட்டிலிருந்து கழற்றிவிட்டே டைனமோவை இணைக்க வேண்டும். வயரைக் கழற்றினாலும் வோல்ற் ஏறும் சிக்கல் அப்படியேதான் இருக்கும். ஆகவே கைவிடப்பட்டது.

இரண்டாவது, வெளியே நான்கு டயோட், மின்னைச் சிறிது நேரம் தேக்கிவைக்க 1000 மைக்ரோ பரட் கபாசிற்றர், வோல்ற்றை 6இல் நிறுத்த 7806 ஒழுங்காக்கி. பாடப்புத்தக வழி. நிதானமாகச் சுற்றும்வரை நன்றாக ஓடியது. சிறுவர் ஒருவர் உற்சாகமாகச் சுற்றியபோது கபாசிற்றரின் தலை வீங்கி, புஸ் என்ற சத்தத்தோடு வெடித்தது. கையிலிருந்தது 16 வோல்ற் கபாசிற்றர். மேலே உள்ள அளவைப் பாருங்கள். 75 சுற்றில் 22 வோல்ற் என்றால் அலையின் உச்சி 31 வோல்ற். 25 வோல்ற் கபாசிற்றரும் தாங்காது. 7806 தாங்கும் உச்சமே 35 வோல்ற்தான். 50 வோல்ற் கபாசிற்றர் போட்டு இந்தச் சுற்றை ஓட்ட முடியும், ஆனால் ரேடியோவுக்கும் ஒரு முரட்டுக் கைக்கும் இடையே நான்கு வோல்ற் இடைவெளிதான் இருக்கிறது. அது போதாது.

மூன்றாவது பிழை சிறியது, கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் எடுத்தது. ரேடியோவைக் கைபிடியில் கட்டியதும் சத்தம் பாதியாகி இரைச்சல் கூடியது, மேசையில் வைத்ததும் சரியானது. டைனமோவின் ஒரு முனை அதன் உடம்பு வழியாகச் சைக்கிள் சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது. ரேடியோவின் ஏரியல் கைபிடியில் பட்டதும், ரேடியோவின் மறை முனையும் சட்டமும் ஒன்றாகிவிட்டன. நான்கு டயோட்டில் ஒன்று குறுக்கே வெட்டப்பட்டு (ஷோட் ஆகி), அலையின் ஒரு பாதி வீணானது. நான்கு டயோட் பாலம் (மாறு மின்னோட்டத்தை ஒரே திசையாக்கும் இணைப்பு) போட்டால் ரேடியோவின் எந்த உலோகமும் சைக்கிளைத் தொடக் கூடாது. தனி மேசை, இரண்டு மீற்றர் இரட்டை வயர், இதுதான் தீர்வு.

பல்ப்பிலிருந்து எல்.ஈ.டி.க்கு

டைனமோ அரை அம்பியரைக் கொடுத்தே தீரும் என்றால், அதைத் தடுக்கப் பார்ப்பதைவிட மிச்சத்தை எடுத்துக்கொள்ள ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துவது நல்லது. மிக எளிய ஆள் சைக்கிளின் சொந்த முன்விளக்கே. 6 வோல்ற் பல்ப்பைக் கழற்றாமல் அப்படியே எரியவிட்டு, அதற்குச் சமாந்தரமாக டயோட் பாலத்தையும் ரேடியோவையும் இணைத்தால், 75 சுற்றிலும் ரேடியோவுக்கு 8 வோல்ற்றைத் தாண்டவில்லை. பல்ப் வேகமானியாகவும் உதவுகிறது. மஞ்சளாக எரிந்தால் மெதுவாகச் சுற்றுகிறீர்கள், வெள்ளையாக எரிந்தால் போதும், நிறுத்துங்கள். கடையில் ஒன்றும் வாங்க முடியாத நாளில் பல்ப்போடு சேர்த்து ஓட்டிய ரேடியோ தப்பும், பல்ப்பைக் கழற்றி ஓட்டியது கருகும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு இந்த ஒரு பல்ப்தான்.

குறை ஒன்று உண்டு. பல்ப்பின் இழை அறுந்தால் காவலும் போய்விடும். ஆகவே அதன் இடத்துக்கு டயோட் சங்கிலி முயன்றோம். பழுதான தொலைக்காட்சிகளிலிருந்து கழற்றிய 1என்4007 டயோட்டுகள் ஏழினை ஒன்றன்பின் ஒன்றாக, கறன்ற் போகும் திசையிலேயே இணைத்தால், அரை அம்பியரில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.85 வோல்ற் விழுத்தும். மொத்தம் கிட்டத்தட்ட 6 வோல்ற். இதைப் பாலத்தின் நேர், மறை முனைகளுக்குக் குறுக்கே போட்டதும் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ரேடியோவுக்கு 5.6க்கும் 6.1க்கும் இடையில்தான் வந்தது. காசு செலவில்லாத ஒழுங்காக்கி. ஆனால் இரண்டரை வாற்ஸ் வெறும் சூடாகப் போகிறது. ஏழு டயோட்டும் கை வைக்க முடியாதபடி சுட்டன. இருட்டில் உட்கார்ந்து கொண்டு, கையால் சுற்றிய சக்தியில் பெரும்பகுதியைச் சூடாக்கி எறிவது மனதுக்கு ஒப்பவில்லை.

டயோட்டுக்குப் பதிலாக ஒளிரும் டயோட் வைத்தால் என்ன? வெள்ளை எல்.ஈ.டி. ஒன்று ஏறத்தாழ 3.1 முதல் 3.2 வோல்ற்றில் நிற்கும். இரண்டைத் தொடராக இணைத்தால் 6.2 முதல் 6.4. நான்கு ரோச் பற்றரி ரேடியோவுக்குச் சரியான அளவு. ஏழு டயோட்டைக் கழற்றி, தட்டில் ஒட்டி வரும் 3 வாற்ஸ் வெள்ளை எல்.ஈ.டி. இரண்டைப் போட்டதும் சுற்று முழுமையானது. ரேடியோ தனக்குத் தேவையான 60 மில்லி அம்பியரை எடுக்கிறது. மீதி எல்.ஈ.டி. வழியே போய் வெளிச்சமாகிறது. சத்தத்தைக் கூட்டினால் விளக்கு மிக லேசாக மங்குகிறது, குறைத்தால் கூடுகிறது. ரேடியோவைக் காப்பதே விளக்கின் வேலை.

இறுதிச் சுற்று

வரிசையாக: டைனமோவின் முனையும் உடம்பும் பாலத்தின் மாறு மின் முனைகளுக்கு. பாலம் நான்கு 1என்5819 டயோட்டால் ஆனது. இவை ஷொட்கி வகை. சாதாரண 1என்4007 ஒவ்வொன்றும் 0.8 வோல்ற்றுக்கு மேல் தின்னும், இவை அதில் பாதிதான். இரண்டு டயோட் வழியாகக் கறன்ற் போவதால் ஒரு வோல்ற் வரை மிச்சம். கையில் அது பெடலை நிமிடத்துக்கு ஏழெட்டுச் சுற்றுக் குறைவாகச் சுற்றினால் போதும் என்று தெரிகிறது.

பாலத்தின் வெளியீட்டில் 2200 மைக்ரோ பரட், 50 வோல்ற் கபாசிற்றர். அதற்குக் குறுக்கே இரண்டு எல்.ஈ.டி. தொடராக. அதற்குக் குறுக்கே இன்னுமொரு காவல், 1என்5343 எனப்படும் 7.5 வோல்ற் 5 வாற்ஸ் ஸீனர் டயோட். சாதாரணமாக இது சும்மா இருக்கும். எல்.ஈ.டி. கம்பி ஒன்று கழன்றால் வோல்ற் 7.5இல் நின்றுவிடும், ரேடியோ தப்பும். சோதிக்க வேண்டுமென்றே எல்.ஈ.டி. வயரைக் கழற்றிச் சுற்றியபோது மீற்றர் 7.6இல் நின்றது. ஸீனர் நன்றாகச் சுட்டது. அதன் கால்களை நீளமாக விட்டு, பலகையிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உயர்த்திப் பற்றவைக்க வேண்டும். ஸீனரைத் தலைகீழாகப் போட்டால் 0.8 வோல்ற்றில் எல்லாவற்றையும் வெட்டிவிடும். ரேடியோவும் பாடாது, விளக்கும் எரியாது. ஒன்றும் பழுதாகாது, திருப்பிப் போட்டால் போதும். டைனமோவை எவ்வளவு நேரம் குறுக்கே வெட்டி வைத்தாலும் அது அரை அம்பியருக்குச் சற்று மேல் போகாது.

எல்.ஈ.டி. தட்டுகளை 10க்கு 5 சென்ரிமீற்றர் அலுமினியத் துண்டில் திருகாணியால் இறுக்கினோம். பழைய யன்னல் சட்டத்தில் வெட்டிய 3 மில்லிமீற்றர்த் தடிப்புத் துண்டு. அரை மணித்தியாலம் கழித்துத் தொட்டால் இளஞ்சூடு. அலுமினியத் துண்டின்றி ஓட்டிய ஒரு எல்.ஈ.டி. இருபது நிமிடத்தில் நீலம் பாரித்துச் செத்தது.

ரேடியோவுக்குப் போகும் வயரைப் பற்றரிப் பெட்டியின் இரு கடைசி முனைகளில், நேர் மறை பார்த்து, பற்றவைத்தோம். முதலைப் பிடிப்பு (குரொக்கடைல் கிளிப்) போட்டது ஒரு தடவை மாறிப் பட்டது, நல்ல வேளையாக அப்போது ஒருவரும் சுற்றவில்லை.

இரைச்சல்

மத்திய அலையில், திருச்சி வானொலியின் 936 கிலோ ஹேர்ட்ஸில் சோதித்தபோது பின்னணியில் தும்பி பறப்பதுபோல் ஒரு ரீங்காரம். சுற்றும் வேகத்தோடு சுருதி ஏறி இறங்கியது. டயோட்டுகள் திறந்து மூடும்போது எழும் சத்தம் இது. ஒவ்வொரு டயோட்டுக்கும் குறுக்கே 104 என்று எண் போட்ட சின்ன செராமிக் கபாசிற்றர் வைத்ததும் பெரும்பகுதி அடங்கியது. மீதிக்கு ரேடியோவின் நேர் வயரில் 4.7 ஓம் தடையும், அதற்குப் பின் 1000 மைக்ரோ பரட், 16 வோல்ற் கபாசிற்றரும். (இந்த இடத்தில் வோல்ற் ஏற வழியில்லை, 16 போதும்.) 10 ஓம் முயன்றதில் ரீங்காரம் இன்னும் குறைந்தது. ஆனால் பேச்சின் உரத்த இடங்களில் குரல் உடைந்தது. கடைசியில், ரேடியோவைச் சைக்கிளிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி வைத்து, பெட்டியை மெல்லத் திருப்பிப் பார்த்து, ரீங்காரம் மிகக் குறையும் திசையில் நிறுத்தினோம். உள்ளே ஏரியலாக இருக்கும் பெரைட் கம்பிக்குத் திசை உண்டு. இந்தக் கடைசி வேலைக்குச் செலவில்லை, பலன் அதிகம்.

சில்லுக்குப் பாரம்

பெடலைக் கையால் சுற்றும்போது மேலும் கீழும் கை தயங்கும். ஆள் மாறும்போது மூன்று நான்கு நொடி ஒருவருடைய கையும் பெடலில் இராது. செய்தியில் அந்த நான்கு நொடிக்குள்தான் ஊரின் பெயர் வந்துபோகும். கபாசிற்றரைக் கூட்டி இதைச் சரிசெய்யப் பார்ப்பது வீண். 2200இலிருந்து 10,000 ஆக்கியும் கால் நொடிகூடக் கிடைக்கவில்லை, எல்.ஈ.டி.யே அதைக் குடித்துவிடுகிறது.

சக்தியைச் சில்லிலேயே சேமிப்பதுதான் வழி. 60 சுற்றில் விட்டுவிட்டால் வெறும் சில்லில் ரேடியோ 4 நொடி தாங்கியது. கட்டுக்கம்பி 2 கிலோவை எட்டுச் சமமான சுருளாகப் பிரித்து, சில்லின் ஆரைக் கம்பிகளின் வெளி நுனியில், விளிம்பை ஒட்டி, சம இடைவெளியில் கட்டினோம். தாங்கும் நேரம் 7 நொடி ஆனது. ஆள் மாற அது தாராளம். அதைவிட முக்கியம், கை தயங்கும் இடம் காதில் விழாமல் போனது. சுருள்கள் சமமாக இல்லாவிட்டால் சைக்கிள் ஸ்ராண்டில் நடக்கத் தொடங்கும். சில்லைத் தானாகச் சுற்றவிட்டு, எப்போதும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால், எதிர்ப்பக்கச் சுருளுக்குச் சிறிது கம்பி கூட்ட வேண்டும். மூன்று தடவை கூட்டிக் குறைத்தபின் எந்தப் பக்கமும் நின்றது. ஸ்ராண்டின் அடியில் ஒரு பலகையும், முன்சில்லுக்கு இருபுறமும் செங்கல்லும் வையுங்கள். இந்தச் சில்லோடு வீதியில் ஓடக் கூடாது, பிரேக் தாங்காது.

செத்த பற்றரி

அந்தத் தடைக் காலத்தில் கைமாறிய இன்னொரு முறையையும் பக்கத்தில் சோதித்தோம். தீர்ந்த ரோச் பற்றரியை வெயிலில் வைப்பது, மேலே சின்னத் துளையிட்டு உப்புத் தண்ணீர் விடுவது. கரி நாகப் பற்றரிக்கு மட்டும் இது ஓரளவு பொருந்தும். உள்ளே உலர்ந்த பசை நனைவதால் சிறிது நேரம் மூச்சு வரும். ஒரு மணித்தியாலம் ரேடியோ ஓடியது, அடுத்த நாள் ஒழுகிப் பெட்டியின் முனைகளை அரித்தது. ரேடியோவுக்குள் போடாமல் வெளியே வைப்பதே நல்லது. தலா 0.9 வோல்ற் மிச்சமுள்ள செத்த பற்றரிகள் ஏழினைப் பழைய பேப்பரில் குழலாகச் சுற்றி, தொடராக வைத்து, இரு முனையையும் ரியூப் பட்டியால் இறுக்கினால் 6 வோல்ற் கிடைக்கும், தாழ்ந்த சத்தத்தில் செய்தி கேட்கலாம். அல்கலைன் என்று எழுதிய பற்றரியைத் துளைக்கவோ சூடாக்கவோ வேண்டாம், உள்ளிருப்பது தோலை எரிக்கும் காரம்.

செலவு

2023இல் ஏறத்தாழ, இலங்கை ரூபாயில்: பாவித்த டைனமோ 900, ஷொட்கி டயோட் நான்கு 60, கபாசிற்றர்கள் எல்லாமாக 220, எல்.ஈ.டி. இரண்டு 120, ஸீனர் 60, வயர் 100, கட்டுக்கம்பி 1,000. அலுமினியமும் பலகையும் வீட்டில் இருந்தவை. மொத்தம் 2,460. வெடித்த கபாசிற்றர், 7806, செத்த எல்.ஈ.டி. ஆகியவற்றுக்கு இன்னும் 250. கட்டுக்கம்பிக்குப் பதில் ஈரமணல் நிரப்பிய சிறு போத்தல்களைக் கட்டினால் ஆயிரம் மிச்சமாகும். ஆனால் ஒரு போத்தல் கழன்று பறந்தால் முகத்தில்தான் விழும். கம்பியே போடுங்கள்.

அடுத்த தடவை மாற்றப்போவது

போத்தல் டைனமோ ரயரை உரசும் முறையில் சக்தியின் பெரும்பங்கு ரப்பரிலேயே தொலைகிறது. முன்சில்லின் நடுவில் பூட்டும் ஹப் டைனமோ ஒன்று கிடைத்தால் அதைப் பின்பக்கச் சட்டத்தில் தனியே பூட்டி, சங்கிலியால் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெளியீடு அதே 6 வோல்ற் 3 வாற்ஸ்தான், ஆகவே சுற்று மாறாது.

தொலைபேசியை நேரே இணைக்க முயன்றது சரிவரவில்லை. கை தயங்கும் ஒவ்வொரு தடவையும் தொலைபேசி சார்ஜைத் துண்டித்து மறுபடி தொடங்கியது, அப்படித் தொடங்கும்போது திரையை எரியவிட்டே கிடைத்ததைச் செலவழித்தது. இடையில் சார்ஜ் ஏற்றும் நிக்கல் பற்றரி நான்கு வைத்தால் இது தீரும் என்று கணக்குச் சொல்கிறது. நான்கும் சேர்ந்து நிறையும்போது 5.8 வோல்ற் அளவில் நிற்கும், எல்.ஈ.டி. தொடங்குவதும் கிட்டத்தட்ட அதே இடத்தில். அதாவது பற்றரி காலியாக இருக்கையில் விளக்கு மங்கலாகவும், நிறைந்தபின் பிரகாசமாகவும் எரிய வேண்டும். சுற்றுவது நின்றபின் பற்றரியின் கறன்ற் பாலத்துக்குத் திரும்பாமல் டயோட்டுகளே பார்த்துக்கொள்ளும். ஆனால் எல்.ஈ.டி. வழியே மெல்ல ஒழுகும். அதற்கு விளக்கின் வயரில் ஒரு சுவிச் வேண்டும், அந்தச் சுவிச்சைப் போட்டபின்தான் பெடலைத் தொட வேண்டும். மறந்து சுற்றினாலும் ஸீனர் காப்பாற்றும். பற்றரி நான்கும் வாங்கியாயிற்று, சுவிச்சைப் பெடலுக்குப் பக்கத்தில் கை படும் இடத்தில் பூட்டுவதற்குத் தகடு வெட்டியிருக்கிறது.